தண்டர்போல்ட் கார்டுக்கு ரோம் அடித்த வாரம்

கதவைத் திறந்ததும் அவன் முதலில் நீட்டியது கையை. உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி கீறிய கோடுகள். சிலவற்றில் ரத்தம் இன்னும் கசிந்தது. இன்னொரு கையில் ஓர் அரிசிப் பை. அதற்குள் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று கனத்துத் தொங்கியது.

"அக்கா, என் மெக் கம்ப்யூட்டர ஒடச்சிட்டானுங்க."

"யாரு?"

"யாருன்னு சொன்னா நீங்க கதவ சாத்திடுவீங்க."

"சொல்லாட்டியும் சாத்துவேன் லா. உள்ள வந்து சொல்லு."

கல்யாணம், பிறந்தநாள், கோவில் விசேஷம் என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் அவன். என்னைவிட இருபது வயதாவது இளையவன். கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் என்னிடம்தான் வருவான். பாயான் பாருவில் எங்கள் வீடு நாலாவது மாடியில். பக்கத்துத் தொழிற்பேட்டையில் பல வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கெட்டுப்போன போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள் நான். கம்பெனி ஆள் குறைத்த பிறகு வீட்டிலேயே கம்ப்யூட்டர் சேர்க்க ஆரம்பித்தேன். ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் கேட்டுக் கற்றது, தொட்டுக் கற்றது, சுட்டுக் கற்றது.

அவனுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன். குடிக்கத் தெரியாதவன்போலக் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்.

சனிக்கிழமை மாக் மண்டின் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண விருந்து. இவன் வீடியோ. துணைக்கு இவனுடைய அண்ணன் வந்திருந்தார், விளக்குத் தாங்கியெல்லாம் தூக்கிக் கொடுக்க. அண்ணன் அங்கேயே ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவர். இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள் என்று இவனே கிண்டல் பண்ணுவான். அப்பா இல்லாத வீட்டில் இவனை வளர்த்தது அந்தக் குரல்தான்.

மேடைக்குக் கீழே ஆட்டம். எந்தப் பாட்டைப் போடுவது என்று பெண் வீட்டுப் பையன்களுக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்களுக்கும் வாய்ச்சண்டை. வாய்ச்சண்டை தள்ளுமுள்ளானது. ஒருவன் பாட்டிலை மேசை விளிம்பில் தட்டி உடைத்தான். இன்னொருவன் வெளியே ஓடி, நிறுத்தியிருந்த காடியின் டிக்கியிலிருந்து பாராங் கத்தியை எடுத்து வந்தான். சாப்பாட்டு மேசைகள் கவிழ்ந்தன. பிரியாணித் தட்டுகளுக்கு மேலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் பெண்ணின் சித்தப்பா மகன் தலையில் யாரோ இரும்பு நாற்காலியால் அடித்துவிட்டார்கள்.

"தேங்கா ஒடையிற மாதிரி இல்லக்கா" என்றான். "ஈரத் துணிய தரையில போட்ட மாதிரி சத்தம்."

அடிபட்டவன் பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். போலிஸ் பிடித்து வைத்திருந்தது இவன் அண்ணனை.

"ஏன் அவர? அவரா அடிச்சாரு?"

"அடிக்கல. அடி அடின்னு கத்தினாரு. மண்டபமே கேட்டிச்சு. அவர் கத்தின பிறகுதான் நாற்காலி விழுந்திச்சு. அவர்தான் ஆள ஏவி விட்டாருன்னு எல்லாரும் சாட்சி சொல்லிட்டாங்க."

"அவர் என்ன சொல்றாரு?"

"அவர் தாடையில ஒருத்தன் பாட்டில எறக்கிட்டான். பாதி ஞாபகம் இல்ல. போலிஸ் மலாய்ல கேட்டிருக்கான், 'நீ அடின்னு கத்தினியா?' ஆமான்னுட்டாரு. 'அடின்னா புக்குல்தானே?' ஆமாங்க, அடின்னா புக்குல்தான்னுட்டாரு. எழுதிக் கையெழுத்து வாங்கிட்டான்."

புக்குல் என்றால் மலாயில் அடிப்பது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அதைத்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்றும், ஆஸ்பத்திரியில் இருக்கிறவன் செத்துப்போனால் வழக்கு கொலை வழக்காகிவிடும் என்றும் லோயர் சொல்லியிருக்கிறார். வீடியோ இருந்தால் அதற்கு முன்னால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் என்னிடம் வெறும் வாய்தான் இருக்கிறது என்றாராம்.

"நீ அப்ப எங்க இருந்த?" என்று கேட்டேன்.

"கேமரா கிட்டதான்" என்றான்.

வீடியோ இருந்தது. துண்டுக்குள் சுற்றியிருந்த டிஸ்க் பெட்டியில் இருந்தது. மண்டபத்திலிருந்து திரும்பியதும், மறுநாள் கோவில் வேலைக்குக் கேமராவின் கார்டு வேண்டும் என்று பழக்கப்படி எல்லாவற்றையும் பெட்டிக்கு ஏற்றிவிட்டுக் கார்டைத் துடைத்துவிட்டான். ஏற்றியதைத் திறந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஹெல்மட் போட்ட மூன்று பேர் வீட்டுக்குள் புகுந்து, சுத்தியலால் அவன் மெக்கை அடித்து நொறுக்கினார்கள். பாராங் தூக்கியவன் முகம் அதில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தடுக்கப் போனவனைக் கண்ணாடி மேலேயே தள்ளினார்கள். பெட்டி அப்போது காடியில் கிடந்ததால் தப்பித்தது.

"வேற மெக் வச்சிருக்கிற கூட்டாளிங்க இல்லையா உனக்கு?"

"நெறைய பேர் இருக்காங்க. எல்லாரும் அன்னிக்கே ஊருக்குப் போயிட்டாங்க." சிரிக்காமல் சொன்னான். "டவுன்ல ஒரு கடையில குடுத்தேன். சாயந்திரமே எனக்குப் போன் வருது, பெட்டி அங்கதான் இருக்கான்னு. ஓடிப்போய் வாங்கிட்டு வந்துட்டேன். ஒங்க கிட்ட மெக் இல்லைன்னு அவனுங்களுக்குத் தெரியும். அதனாலதான் இங்க வந்தேன்."

என்னிடம் மெக் இல்லைதான். ஆனால் மெக்கில் ஓடுகிற அதே சிஸ்டத்தை, பாசாரில் காய் பொறுக்குவதுபோலத் தனித்தனியாகச் சாமான் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் நான் ஓடவிட்டிருந்தேன். முதலாளி வீட்டுச் சட்டையை வேலைக்காரன் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி அது. வெளியே பார்த்தால் பொருந்தும், எங்காவது ஒரு பொத்தான் இடிக்கும்.

இங்கே இடித்தது பெட்டியில் ஒயர் சொருகுகிற ஓட்டை. நாலு டிஸ்க்கை மெக்கின் சிஸ்டமே ஒன்றாகக் கட்டி வைத்த பெட்டி அது. டிஸ்க்கைத் தனித்தனியாகக் கழற்றினால் கிழித்துப் போட்ட செய்தித்தாள்தான். பெட்டிக்குப் பின்னால் ஒரே வகை ஓட்டை, அதற்குப் பெயர் தண்டர்போல்ட். என் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டை கிடையாது. ஆனால் வாங்கி மாட்டாமல் போட்டுவைத்த தண்டர்போல்ட் கார்டு ஒன்று அலமாரியில் இருந்தது.

அறைக்குள் எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் தண்டர்போல்ட் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"இடி."

"வெளிய கெடக்கிற இடி பத்தாதுன்னு வீட்டுக்குள்ள காசு குடுத்து வாங்கி வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டப் போனார். பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். காலையிலும் மாலையிலும் ஓட்டம், நடுவில் வீட்டில் தூக்கம்.

அன்று மத்தியானமே கார்டை மாட்டினேன். இந்தக் கார்டு தனியாக வேலை செய்யாது. மதர்போர்டிலிருந்து ஒரு சின்ன ஒயர் வந்து, நான் இருக்கிறேன் என்று அதற்குச் சொல்ல வேண்டும். என் மதர்போர்டு வேறு கம்பெனி. அதில் அந்த ஒயருக்கு இடமே இல்லை. கார்டில் ஒயர் வரவேண்டிய இடத்தில் ஐந்து ஊசிகள் வெறுமனே நின்றன. மூன்றாவது ஊசியையும் ஐந்தாவது ஊசியையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் கார்டு ஏமாந்துபோகும், மதர்போர்டு பேசிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். தவறி நாலாவதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

இணைத்தேன். கார்டு உயிரோடு இருந்தது. சிஸ்டம் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சொந்தக்காரன் வீட்டு விசேஷத்தில் சண்டைக்காரனைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போவார்களே, அப்படி.

"ரோம் அடிக்கணும்" என்றேன்.

எங்கள் ஊரில் எல்லாமே அடிதான். ஹாரன் அடிப்போம், எண்ணெய் அடிப்போம், வேலைக்குப் போனால் கார்டு அடிப்போம். கார்டில் இருக்கிற எட்டுக்கால் சிப்புக்குள் பழைய எழுத்தைத் துடைத்துவிட்டுப் புதிய எழுத்தைப் பதிப்பதற்கும் எங்கள் லைனில் ரோம் அடிப்பது என்றுதான் பெயர். சிப்பை ஒரு கிளிப்பால் கவ்வ வேண்டும். கிளிப்பின் வால் ஒரு சின்னக் கருவிக்குப் போகும், கருவி பழைய லேப்டாப்புக்குப் போகும். மாற்றி எழுதிய ரோமை இந்த வேலை செய்கிறவர்கள் இணையத்தில் பகிர்ந்து வைத்திருந்தார்கள். அதை அடித்தால் சிஸ்டம் கார்டைத் தன் ஆளாக ஏற்றுக்கொள்ளும். அடித்துக்கொண்டிருக்கும்போது கிளிப்பு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிப்பு செத்தது. முன்பு ஒரு கார்டை அப்படிக் கொன்றிருக்கிறேன். முடி பொசுங்குகிற நாற்றம், இரண்டு நாள் சோற்றில்கூட அடித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் காலை ஓட்டம் முடித்துவந்து உள்ளறையில் படுத்திருந்தார். அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து முட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தான். கழுத்தில் வேலைக்குப் போடுகிற பெரிய ஹெட்போன், ஒரு பக்கக் காது கழன்று மஞ்சள் டேப் சுற்றியிருந்தது.

"அதக் கழட்டி வையேன், இங்க என்ன ரெக்காடிங்கா நடக்குது?"

"பழகிப்போச்சுக்கா." கழற்றி மேசையில் வைத்தான்.

பழைய ரோமை ஒருமுறை படித்து எடுத்தேன். மறுபடி படித்தால் வேறு மாதிரி வந்தது. கிளிப்பு சரியாகக் கவ்வவில்லை. சிப்பின் காலை எரிசாராயம் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி கவ்வவிட்டேன். வழுக்கியது. கிளிப்பின் பல் தேய்ந்திருந்தது. கடைசியில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை படித்ததும் ஒன்றாக வந்தது.

"இப்ப நான் கைய எடுக்க முடியாது. நீ அந்தப் பட்டன அமுக்கு."

"அடிக்கட்டுமா?"

"அடி."

திரையில் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. காத்திருக்கிற நேரத்தில் அண்ணனைப் பற்றிப் பேசினான்.

"சின்ன வயசில இருந்தே அவர் சொன்னா செய்வேன்கா. ஏன்னு கேட்டதில்ல. குதின்னா குதிப்பேன். ஒருவாட்டி ஆத்துல குதின்னாரு, நீச்சல் தெரியாம குதிச்சேன். கத்துக்கொடுக்கிறதுக்காக சொன்னாரு, பின்னாலயே அவரும் குதிச்சாரு. ஆனா நான் அதுக்காகக் குதிக்கல, சொன்னதுக்காகக் குதிச்சேன்."

கோடு பாதி போயிருக்கும். கிரில் கேட்டில் இரும்பு விழுந்தது.

விரலை இன்னும் இறுக்கினேன். வெளிக்கதவைக் காற்றுக்குத் திறந்து வைத்திருந்தோம், கிரில் மட்டும்தான் பூட்டு. ஹெல்மட் கழற்றாத இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவன் இரும்புக் கம்பியால் பூட்டை அடித்தான். இன்னொருவன் கிரில் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான்.

"ஏய் கேமரா, ஒன் காடி கீழ நிக்கிறதப் பார்த்துட்டுத்தான் வந்தோம். பெட்டியக் குடுத்துட்டா நாங்க போயிட்டே இருப்போம். அக்காவுக்கு எதுக்கு இந்தத் தொல்ல?"

கேமரா தம்பி எழுந்தான். எழுந்த வேகத்தில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்பக்கம் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை வாசலில் இல்லை, தன் கையில் இருந்தது. பிறகு, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான்.

பூட்டு வளைந்தது. என் விரலுக்கு அடியில் ஒரு சிப்பு, சிப்புக்குள் பாதி எழுத்து. கையை எடுத்தால் கார்டு போச்சு, கார்டு போனால் ஒரு மனிதனின் ஆயுசு போச்சு. போன் உள்ளறையில், என் வீட்டுக்காரர் தலைமாட்டில் இருந்தது.

"ஏங்க, அடிங்க, அடிங்க" என்று கத்தினேன்.

அவர் கைலியோடு வந்தார். கையில் பஸ் சக்கரத்து நட்டைக் கழற்றுகிற நீள இரும்பு. கிரிலுக்குள் நுழைந்திருந்த கையின் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்த ஆள் கையை உருவிக்கொள்ள முடியாமல் கிரிலிலேயே தொங்கினான், ஊளையிட்டான். இரண்டாவது அடி கம்பியில் விழுந்து பொறி பறந்தது. மற்றவன் இவனை இடுப்பைப் பிடித்து இழுத்தான். கை வெளியே வந்தபோது, கை இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. இருவரும் படிக்கட்டில் விழுந்து எழுந்து ஓடினார்கள். அவர்களுடைய கம்பி எங்கள் வாசலில் கிடந்தது. தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம், படிக்கட்டு வரைக்கும்.

திரையில் கோடு முழுதாகப் போய் நின்றது. அடித்தது சரிதான் என்று லேப்டாப் சொன்னது. அப்போதுதான் கையை எடுத்தேன். கிளிப்பின் விளிம்பு என் விரலில் பதிந்திருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க நீங்க?" என்றேன்.

"நீதான அடிக்கச் சொன்ன."

"போலிசுக்கு அடிங்கன்னு சொன்னேன்."

"போலிசுக்குன்னு எங்க சொன்ன? அடிங்கன்னுதான் சொன்ன."

"அடிங்கன்னா போன் அடிங்கன்னு தெரியாதா? தெனமும் அப்படித்தான சொல்றோம்? பேக்டரிக்கு அடிங்க, பெரிய மகளுக்கு அடிங்கன்னு."

"வாசல்ல ஒருத்தன் இரும்போட நிக்கிறான். அப்ப அடிங்கன்னா நான் போன எடுத்து அலோ சொல்வேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் அந்த இரும்பைப் பிடித்தபடி சிரித்தார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தலையை நீட்டி, எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றவன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, அக்கா கத்தினப்ப ஒங்களுக்கு வேற ஒன்னும் கேக்கலையா? முன்னால பின்னால எதுவும்?"

"ஒன்னும் கேக்கல தம்பி. அடிங்க மட்டும்தான் கேட்டிச்சு. அந்த நேரத்துல வேற என்ன கேக்கும்?"

அவன் தலையாட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, சீக்கிரம் மாட்டுங்க" என்றான். அதற்கு முன்னால் அவன் என்னை அவசரப்படுத்தியதே இல்லை.

என் வீட்டுக்காரர் வாசலில் கிடந்த கம்பியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, போலிஸ் நிலையத்தில் ரிப்போட்டு எழுதிக்கொடுக்க மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். "நானே போய் சொல்லிடுறேன், போன்ல சொன்னா நீ வேற எதையாச்சும் அடிக்கச் சொல்லுவ" என்றார். போகும்போது கிரிலுக்குச் சைக்கிள் சங்கிலியைச் சுற்றிவிட்டுப் போனார்.

கார்டைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரை ஏற்றி, பெட்டியைச் சொருகினேன். சிஸ்டம் கார்டைக் கண்டுகொண்டது. பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை. அவன் மேசையைக் குத்தினான். காயம் திறந்து என் மவுஸ் பேடில் ரத்தம் பட்டது.

"இரு. இதுக்கு ஒரு மொற இருக்கு."

ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சொருகினால் இந்தக் கார்டு வாசலில் நிற்கிறவனை உள்ளே விடாது. பெட்டி முதலிலேயே உயிரோடு சொருகியிருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பிறகு எழுந்திருக்க வேண்டும். ரீஸ்டார்ட் போதாது. முழுக்க அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்து, கொஞ்சம் விட்டு எழுப்ப வேண்டும். அணைத்தேன். பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். நாலு டிஸ்க்கும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிச் சுற்ற ஆரம்பித்தன. அப்புறம் கம்ப்யூட்டரை எழுப்பினேன்.

திரையின் ஓரத்தில் பெட்டியின் படம் வந்து உட்கார்ந்தது. வேறு நாளாக இருந்தால் கை தட்டியிருப்பேன்.

அவனே மவுஸை எடுத்தான். தேட வேண்டியிருக்கவில்லை, எந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கேமரா முக்காலியில், கொஞ்சம் உயரத்தில் நின்றிருக்கிறது. படம் அசையவே இல்லை. கீழே மனிதர்கள் கொதிக்கிறார்கள். பாராங் தூக்கியவன் முகம் தெளிவாகத் தெரிந்தது, மேசைத் துணியோடு ஒருவன் முதுகை அவன் கிழித்ததும் தெரிந்தது. நடுவில் அண்ணன். அவர் சண்டைக்கு முதுகைக் காட்டி நின்றார். கேமராவைப் பார்த்து, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற யாரையோ பார்த்துக் கத்தினார். பாட்டுச் சத்தம் குரலை அமுக்கியது. அதற்கு மேலே வந்தது அந்த ஒரு சொல்தான்.

அடி. அடி.

அவன் நிறுத்தி, மேசையிலிருந்த மஞ்சள் டேப் ஹெட்போனைக் காதில் வைத்து, ஏதோ திருகினான். பாட்டின் தடிமனான சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினான். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டான். எனக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தான் போல.

"போலிசுக்கு அடி தம்பி. அடி, அடி."

திரையில் அண்ணனின் இடது கை காதோரம் போயிருந்தது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து. சின்னப் பிள்ளைகள் போன் விளையாட்டு விளையாடும்போது வைப்பார்களே, அப்படி. அந்தக் கையோடு நிற்கும்போதுதான் அவர் தாடையில் பாட்டில் இறங்கியது.

"அப்பாடா" என்றேன். "தப்பிச்சாரு உங்க அண்ணன். இதப் பார்த்தா எந்தக் கோர்ட்டு..."

அவன் நிறுத்தவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

இடது பக்கத்திலிருந்து, கேமராவின் பக்கத்திலிருந்து, கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கையில் மடக்கு இரும்பு நாற்காலி. அண்ணன் சாய்ந்ததைப் பார்த்தான், நேரே போனான், எதிரில் நின்றவன் தலையில் இறக்கினான். ஒரே தடவை. ஈரத் துணி. விழுந்தவன் எழவில்லை. கூட்டம் அவனை மூடியது. கறுப்புச் சட்டைக்காரன் கழுத்தில் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கியது. அதில் ஒரு பக்கம் மஞ்சள் டேப்.

நான் மேசையில் கிடந்ததைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"விழுந்தவன்தான் பாட்டில் வச்சிருந்தானா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவன் சும்மா நின்னான். ஓடுறதா நிக்கிறதான்னு தெரியாம நின்னான். என்னப் பார்த்துக் கையத் தூக்கினான், வேணாண்ணேன்னு." ஹெட்போனின் மஞ்சள் டேப்பை நகத்தால் சுரண்டினான். "அண்ணன் அடின்னாரு. அவர் சொல்லி நான் அடிச்சேன், அதனால அவர் உள்ள இருக்காரு, அது ஒரு மாதிரி சரிதானேன்னு நெனச்சிட்டிருந்தேன். அவர் எனக்காக இருக்காருன்னு. மாமா அந்த ஆள அடிச்சாரு பாருங்க, அப்பதான் எனக்கு சந்தேகம் வந்திச்சு, அண்ணன் என்னத்த அடிக்கச் சொன்னாருன்னு."

மவுஸ் அவன் கைக்கு அடியில் இருந்தது. சுட்டி அந்த வீடியோவின் மேலேயே நின்றது. அதை இழுத்துக் குப்பையில் போட இடது பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் போதும். கழுத்து வரைக்கும் வந்த வார்த்தையை நான் விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு சொல் செய்ததே போதும் என்று இருந்தது.

அவன் பையிலிருந்து ஒரு தம்ப் டிரைவை எடுத்துச் சொருகினான். வீடியோவை இழுத்து அதில் போட்டான். முழுதாகப் போட்டான், எங்கேயும் வெட்டவில்லை. இன்னொரு கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. அது முடியும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ மோட்டாரை உதைத்து உதைத்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் அவன் பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். அண்ணனின் வழக்கைப் பார்க்கிற போலிஸ் ஆபீசரின் நம்பர்.

"இவருக்கு அடிங்கக்கா."

"நீயே பேசுப்பா. நீ பேசினாதான் நல்லாருக்கும்."

"நான் அடிச்சது போதும்க்கா" என்றான். "நீங்க அடிங்க."

உள்ளறைக்குப் போய்ப் போனை எடுத்து வந்தேன். கிளிப்பைப் பிடித்த விரல் இன்னும் மரத்திருந்ததால் நம்பரை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு களைத்த ஆண்குரல், என்ன விஷயம் என்று மலாயில் கேட்டது.

நான் வாயைத் திறக்குமுன் கொஞ்சம் யோசித்தேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.